போன்ல பணம் போச்சா? கடைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் ஒரு சின்ன ஊர்ல இ-சேவை, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பட்டா சிட்டா எடுக்க, ஆதார் பிரிண்ட் போட, ஸ்காலர்ஷிப் அப்ளை பண்ணனு வர்றவங்க, வந்த வேலை முடிஞ்சதும் "அக்கா இந்த மெசேஜ் உண்மைதானானு பாருங்களேன்"னு போன நீட்டுவாங்க. எங்க தாய்மாமாவுக்கே 84,000 ரூபா போச்சு, அதுல இருந்து யாரு கேட்டாலும், கடைய சாத்துற நேரமா இருந்தாலும், உக்கார வச்சு பொறுமையா சொல்லிட்டு இருக்கேன். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வர்றதால எல்லாத்தையும் இங்க எழுதிட்டேன். பணம் போய் கையும் ஓடாம காலும் ஓடாம இருக்கறவங்க முதல் கேள்விய மட்டும் படிச்சுட்டு போன் பண்ணப் போங்க, மத்ததெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம்.

கேள்வி: அக்கா, இப்பதான் அக்கவுண்ட்ல இருந்து பணம் எடுத்துட்டாங்க. என்ன பண்ணணும்?

1930க்கு போன் பண்ணுங்க. வேற எதுவும் யோசிக்காதீங்க, வீட்டுக்காரர் வரட்டும், நாளைக்கு பேங்க் தொறக்கட்டும்னு உக்காந்துடாதீங்க. இது சைபர் மோசடிக்குனே மத்திய அரசு வச்சிருக்கற நம்பர், முன்னாடி 155260னு இருந்துச்சு, இப்ப 1930தான். லைன் கிடைக்கலன்னா சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் வெப்சைட்ல நீங்களே கம்ப்ளெயின்ட் போடலாம், ஆனா ஒரு பக்கம் அத போட்டுக்கிட்டே 1930க்கும் ட்ரை பண்ணிட்டே இருங்க.

ஏன் இவ்ளோ அவசரம்னா, உங்க பணம் திருடன் கையில போய் அப்படியே உக்காந்திருக்காது. முதல்ல ஒரு அக்கவுண்டுக்குப் போகும், அங்க இருந்து பிச்சுப் பிச்சு நாலஞ்சு அக்கவுண்டுக்குப் போகும், அப்புறம் எங்கயோ ஒரு ஏடிஎம்ல எடுத்துடுவாங்க இல்லன்னா கிரிப்டோவா மாத்திடுவாங்க. நீங்க 1930ல சொன்ன உடனே அந்தத் தகவல் சம்பந்தப்பட்ட பேங்குகளுக்குப் போகும், பணம் எந்த அக்கவுண்ட்ல நிக்குதோ அங்கயே அத முடக்கி வைப்பாங்க. ஏடிஎம்ல எடுத்து முடிச்சதுக்கு அப்புறம் முடக்க என்ன இருக்கு? அதனாலதான் முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோ மதிப்பு.

போன் பண்றப்ப கையில வச்சிருக்க வேண்டியது: உங்க அக்கவுண்ட் நம்பர், எவ்ளோ போச்சு, எத்தன மணிக்கு போச்சு, அப்புறம் அந்த பரிவர்த்தனை நம்பர். யுபிஐல போயிருந்தா அது 12 இலக்கம், ஹிஸ்டரில அந்த பேமென்ட்ட தொட்டா தெரியும். புகார் பதிவானதும் ஒரு நம்பர் தருவாங்க, அத பேப்பர்ல எழுதி வைங்க, அத வச்சு வெப்சைட்ல மீதி விவரத்தையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் உடனே ஏத்திடுங்க. மெசேஜ அழிக்காதீங்க, அதுதான் சாட்சி. நெறைய பேரு பயத்துல, வீட்ல பாத்துடக்கூடாதுனு, முதல் வேலையா சாட்டத்தான் டெலீட் பண்றாங்க.

கேள்வி: பேங்குக்கும் தனியா சொல்லணுமா? 1930லதான் சொல்லிட்டேனே.

கண்டிப்பா சொல்லணும். ஏடிஎம் கார்டு பின்பக்கம் இருக்கற நம்பருக்கு அடிச்சு கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீங்க, அங்க போலி நம்பர் போட்டு வச்சுக்கிட்டு உங்களுக்காகவே காத்துட்டு இருக்கான், ஒரு தடவ ஏமாந்தவங்க அங்கதான் ரெண்டாவது தடவையும் ஏமாறுறாங்க.

இதுல ஒரு சட்ட விஷயமும் இருக்கு. 2017 ஜூலைல ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. அதன்படி உங்க தப்பும் இல்ல பேங்க் தப்பும் இல்ல, வெளியில எங்கயோ நடந்த கோளாறுல பணம் போச்சு, நீங்க 3 வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கு நஷ்டம் இல்ல. 4 நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும்னா ஒரு அளவு வரைக்கும் நீங்க ஏத்துக்கணும், அதுக்கு மேல போனா அந்த பேங்கோட கொள்கைப்படி. சரி, ஓடிபிய நானே சொல்லிட்டேன், தப்பு என்னோடதுதான்னு வைங்க, அப்பக்கூட நீங்க பேங்க்ல சொல்ற வரைக்கும் போனதுதான் உங்க நஷ்டம், சொன்னதுக்கு அப்புறம் போறது பேங்க் பொறுப்பு. அதனால சொன்ன நேரத்துக்கு ஆதாரம் வேணும், போன்ல சொன்னா புகார் நம்பர் கேளுங்க, ஒரு மெயிலும் தட்டி விடுங்க, பிராஞ்ச்ல லெட்டர் குடுத்தா இன்னொரு காப்பில சீல் வாங்கிக்கங்க. 30 நாள் ஆகியும் பேங்க் பதிலே சொல்லல, இல்ல சொன்ன பதில் திருப்தியா இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்குப் (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற அதிகாரி) போகலாம், காசு கிடையாது, 14448ல கேட்டா வழி சொல்வாங்க.

கேள்வி: உங்க மாமாவுக்கு என்னதான் ஆச்சு?

நெறைய பேரு கேக்குறாங்க, மாமாவும் எழுதுனு சொல்லிட்டாரு, அதனால சொல்றேன். சாயங்காலம் ஒரு மெசேஜ். போன மாச கரண்ட் பில் அப்டேட் ஆகல, இன்னைக்கு ராத்திரி 9.30க்கு லைன கட் பண்ணிடுவோம், இந்த ஆபீசர கூப்பிடுங்கன்னு ஒரு பத்து இலக்க நம்பர். அத்தைக்கு உடம்பு சரியில்ல, வீட்ல ஃபேன் ஓடலன்னா தாங்க மாட்டாங்க, மாமா பதறிப் போய் கூப்பிட்டுட்டாரு. அவன் ரொம்ப மரியாதையா பேசி வாட்ஸப்ல ஒரு ஃபைல் அனுப்பி, அத இன்ஸ்டால் பண்ணி 10 ரூபா மட்டும் கட்டுங்க ஐயா, அப்டேட் ஆயிடும்னு சொல்லியிருக்கான். 10 ரூபாதானே. மூணு தடவையா 84,000 போயிடுச்சு.

பணம் போனத விட எனக்கு இன்னைக்கும் தாங்க முடியாதது என்னன்னா, மாமா நாலு நாள் யார்கிட்டயும் சொல்லல. ரிட்டையர்டு வாத்தியார், ஊருக்கே மனு எழுதிக் குடுத்தவரு, நான் போய் ஏமாந்துட்டேன்னு எப்படி சொல்றதுனு சோறு தண்ணி இறங்காம இருந்திருக்காரு. அஞ்சாவது நாள் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஓடிப் போய் 1930க்கு போட்டோம், ஆனா அதுக்குள்ள எல்லாம் எடுத்து முடிச்சிருந்தாங்க, வழியில ஒரு அக்கவுண்ட்ல நின்ன 6,000 மட்டும் முடக்க முடிஞ்சுது. அன்னைக்கு ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் எவ்ளோவோ மிச்சம் ஆகியிருக்கும். வீட்ல யாராவது ஏமாந்துட்டு வந்து நின்னா தயவு செஞ்சு "உனக்கு அறிவு இல்லையா"னு ஆரம்பிக்காதீங்க, அந்தத் திட்டுக்கு பயந்துதான் அடுத்தவங்க மறைக்குறாங்க.

கேள்வி: வாட்ஸப்ல கல்யாண பத்திரிகை வந்துச்சு, தொட்டா ஏதோ இன்ஸ்டால் ஆகுது. பரவாயில்லையா?

ஃபைல் பேரோட கடைசில ஏபிகேனு இருக்கானு பாருங்க. பத்திரிகைன்னா போட்டோவா வரும், பிடிஎஃப்பா வரும், வீடியோவா வரும், ஏபிகேவா வரவே வராது, அது ஒரு ஆப். கல்யாண பத்திரிகைனு மட்டும் இல்ல, டிராஃபிக் சலான், பிஎம் கிசான், பேங்க் ரிவார்டு பாயிண்ட், கேஸ் மானியம்னு ஊருக்கு ஒரு பேருல சுத்துது. தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்தே வரும், ஏன்னா அவங்க போனுக்குள்ள ஏற்கனவே புகுந்துட்டான், அங்க இருந்து எல்லாருக்கும் அனுப்புறான்.

உள்ள போன உடனே அது மெசேஜ் படிக்க அனுமதி கேக்கும், நீங்க அலோ அலோனு அமுக்கிட்டே போவீங்க, அதுக்கு அப்புறம் உங்களுக்கு வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்கும் போகும். நீங்க வாயத் தொறந்து எதுவும் சொல்ல வேண்டியதே இல்ல. "நான் யாருக்கும் ஓடிபி சொல்லலையே"னு அழறவங்க நெறைய பேருக்கு நடந்தது இதுதான்.

இன்ஸ்டால் பண்ணிட்டீங்கன்னா உடனே ஏரோபிளேன் மோடு போடுங்க, வைஃபையும் ஆஃப். வேற போன்ல இருந்து பேங்குக்கும், பணம் போயிருந்தா 1930க்கும் சொல்லுங்க. பேங்க், ஜிமெயில் பாஸ்வேர்டு எல்லாத்தையும் அந்த வேற போன்லயே மாத்துங்க, இந்தப் போன்ல மாத்துனா புதுசும் அவனுக்குத் தெரியும். ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணா மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன், சிலது ஐகானையே மறைச்சுக்கும், போட்டோவ காப்பி எடுத்துட்டு ஃபேக்டரி ரீசெட் போடுறதுதான் நிம்மதி. அப்புறம் ##002# டயல் பண்ணுங்க, உங்க கால வேற நம்பருக்குத் திருப்பி விட்டிருந்தா அது கேன்சல் ஆயிடும். முன்கூட்டியே செய்யணும்னா செட்டிங்ஸ்ல "அன்நோன் ஆப்ஸ்" இன்ஸ்டால் பண்ற அனுமதிய வாட்ஸப்புக்கும் குரோமுக்கும் நிறுத்தி வைங்க, பிளே ஸ்டோர்ல பிளே ப்ரொடெக்ட் (கெட்ட ஆப் இருக்கானு செக் பண்ற வசதி) ஆன்ல இருக்கட்டும்.

கேள்வி: மும்பை போலீஸ்னு வீடியோ கால் வந்துச்சு. டிஜிட்டல் அரெஸ்டாம். என் பேருல போதை பார்சலாம்.

கட் பண்ணுங்க. டிஜிட்டல் அரெஸ்ட்னு இந்திய சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27 மன் கீ பாத் ரேடியோ நிகழ்ச்சில பிரதமரே இதப் பத்திதான் பேசினாரு. விசாரணைக்கு வரச் சொல்லி போலீஸ் குடுக்குற நோட்டீஸையே வாட்ஸப்ல அனுப்பக்கூடாதுனு 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அப்புறம் வாட்ஸப்ல எங்க இருந்து அரெஸ்ட் வரும்?

படிக்காதவங்கதான் ஏமாறுவாங்கனு மட்டும் நினைக்காதீங்க. 2024ல லூதியானால பத்ம பூஷண் வாங்கின ஒரு பெரிய ஜவுளித் தொழிலதிபரையே பிடிச்சாங்க, 80 வயசத் தாண்டுனவரு, ஸ்கைப்ல போலி சுப்ரீம் கோர்ட் விசாரணையே நடத்தி, தலைமை நீதிபதினு ஒருத்தன உக்கார வச்சு, 7 கோடி வாங்கிட்டாங்க. அவரு புகார் குடுத்ததால 5.25 கோடி மீட்டாங்க.

இவங்க வேலை செய்யுற விதத்தப் பாத்தா ஒரு விஷயம் புரியும். முதல்ல கூரியர் கம்பெனி, இல்லன்னா போன் கம்பெனிகள கண்காணிக்கிற ட்ராய்ல இருந்து பேசுறோம்பான். அப்புறம் போலீசுக்கு லைன் மாத்துவான், யூனிஃபார்ம், பின்னாடி சின்னம், கையில உங்க ஆதார் நம்பர். இது தேச ரகசியம், வீட்ல கூட சொல்லக்கூடாது, ரூம் கதவ சாத்துங்க, கேமராவ ஆஃப் பண்ணாதீங்க. உங்கள தனியாக்குறதுதான் அவன் வேலையே. பக்கத்து ரூம்ல இருக்கற பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், ரெண்டு நிமிஷத்துல அவன் வேஷம் கலைஞ்சுடும், அது அவனுக்கு நல்லாத் தெரியும். கடைசில "உங்க பணம் சுத்தமானதானு செக் பண்ணணும், இந்த ரிசர்வ் பேங்க் அக்கவுண்ட்டுக்கு மாத்துங்க, திருப்பித் தந்துடுவோம்"பான். எந்த போலீசும், எந்த கோர்ட்டும் செக் பண்றதுக்குனு உங்க பணத்த வாங்காது. உண்மையிலயே சந்தேகம் இருந்தா போன வச்சுட்டு உங்க ஊரு ஸ்டேஷனுக்கு நேர்ல போங்க.

கேள்வி: பழைய பீரோவ விக்கப் போட்டேன், வாங்குறவரு க்யூஆர் அனுப்பி ஸ்கேன் பண்ணா பணம் வரும்ங்கறாரு.

வராது, போகும். பணம் உங்களுக்கு வர்றதுக்கு ஸ்கேன் தேவையில்ல, யுபிஐ பின்னும் தேவையில்ல. பின் போடுறது பணம் அனுப்பவும் பேலன்ஸ் பாக்கவும்தான். ஆளுக்கு ஆள் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்புற வசதிய 2025 அக்டோபர் 1ல இருந்து நிறுத்திட்டாங்க, ஆனா க்யூஆர் ஏமாத்து இன்னும் நடக்குது. மிலிட்டரிக்காரன், கேன்டீன் கார்டு போட்டோ பாருங்கனு பேசுனாலும் பின் போடாதீங்க.

கேள்வி: பேங்க்ல இருந்து பேசுறது உண்மையா பொய்யானு எப்படி கண்டுபிடிக்க?

கண்டுபிடிக்க முயற்சியே பண்ணாதீங்கனுதான் நான் சொல்வேன். குரல், பேரு, பிராஞ்ச், உங்க கார்டோட கடைசி நாலு நம்பர் எல்லாம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். வச்சுட்டு கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்கு நீங்களா கூப்பிடுங்க, அவ்ளோதான். பேங்க் கால்களுக்குனு 1600ல ஆரம்பிக்கிற நம்பர் ஒதுக்கியிருக்காங்க, பேங்க் வெப்சைட்டெல்லாம் பேங்க் டாட் இன்னு முடியுற முகவரிக்கு மாறியிருக்கு, இதெல்லாம் அடையாளத்துக்கு உதவும், ஆனா பதட்டமான நேரத்துல யாரு இத உத்துப் பாக்கப் போறா. போன்லயே இருங்க, வைக்காதீங்கனு ஒருத்தன் சொன்னா அதுவே வைக்கறதுக்கான காரணம்.

கேள்வி: வீட்ல இருந்தே வேலை, வீடியோ லைக் போட்டா 50 ரூபாயாம். 150 ரூபா நிஜமா வந்துச்சே அக்கா?

வரும் தங்கம், அது தூண்டில்ல மாட்டுற புழு. அப்புறம் டெலிகிராம் க்ரூப்ல சேப்பாங்க, அங்க எல்லாரும் எனக்கு இவ்ளோ வந்துச்சுனு ஸ்க்ரீன்ஷாட் போடுவாங்க, அவங்க அத்தன பேரும் அவன் ஆளுங்க. 1,000 கட்டுனா 1,300 வரும், 5,000 கட்டுனா வரும், 50,000 கட்டுனா நின்னுடும், எடுக்கணும்னா வரி கட்டுனு இன்னும் கேப்பான். வேலை குடுக்குறவன் உங்ககிட்ட பணம் கேட்டா அங்கயே நிறுத்திடுங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. இந்த மெசேஜ் அனுப்புறவங்கள்ல சில பேரு நம்ம ஊரு பசங்கதான். டேட்டா என்ட்ரி வேலை, டாலர்ல சம்பளம்னு தாய்லாந்துக்கு கூட்டிட்டுப் போய் அங்க இருந்து மியான்மார் எல்லைய தாண்ட வச்சு அடைச்சு வைக்கறாங்க, கம்போடியா, லாவோஸ்லயும் இதே கதை. 2022 அக்டோபர்ல மியான்மார்ல இருக்கற மியாவாடிங்கற ஊர்ல இருந்து மீட்ட தமிழ்நாட்டுப் பசங்க 13 பேரு சென்னை வந்து இறங்குனாங்க. வெளிநாட்டு ஆஃபர் வந்தா அந்த ஏஜென்ட் வெளியுறவுத்துறைல பதிவு பண்ணவரானு பாருங்க, டூரிஸ்ட் விசால வேலைக்குப் போகாதீங்க.

கேள்வி: காலேஜ் ஃப்ரெண்டு என் பேங்க் அக்கவுண்ட்ட ஒரு மாசம் வாடகைக்கு கேக்குறான், 5,000 தர்றானாம்.

குடுக்காதப்பா, கெஞ்சிக் கேக்குறேன். எங்க மாமா பணம் போய் நின்னது இந்த மாதிரி ஏதோ ஒரு அக்கவுண்ட்லதான். போலீஸ் முதல்ல தேடி வர்றது பாஸ்புக்ல பேரு இருக்கறவனத்தான், உண்மையான திருடன் எங்கயோ உக்காந்திருப்பான். படிப்பு, பாஸ்போர்ட், வேலை எல்லாம் போயிடும். அதே மாதிரி தெரியாதவங்க உங்க அக்கவுண்ட்ல பணம் போட்டுட்டு "தப்பா வந்துடுச்சு, திருப்பி அனுப்புங்க"னு கேட்டா நீங்களா அனுப்பாதீங்க, உங்க பேங்குக்கு எழுதிக் குடுத்து அவங்க மூலமா போகட்டும்.

கேள்வி: லோன் ஆப்ல இருந்து என் போட்டோவ ஆபாசமா மாத்தி எல்லாருக்கும் அனுப்புவேன்னு மிரட்டுறாங்க.

முதல்ல மூச்சு விடுங்க, இதுல உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. பணம் கட்டாதீங்க, கட்டுனா நிக்காது, கூடும். மிரட்டல் மெசேஜ், நம்பர் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு புகார் குடுங்க. சைபர் கிரைம் வெப்சைட்ல பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனிப் பகுதி இருக்கு, பேரு சொல்லாமலும் குடுக்கலாம். ஸ்டாப் என்சிஐஐனு ஒரு இலவச சேவை இருக்கு, அந்தரங்கப் போட்டோவ நீங்க அங்க ஏத்தவே வேண்டாம், உங்க போன்லயே அதுக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை எடுத்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி தளங்கள்ல அது பரவாம தடுக்க உதவும். போன்ல இருக்கற முக்கியமானவங்களுக்கு நீங்களே முந்திக்கிட்டு "என் போட்டோவ மாத்தி அனுப்புறாங்க, நம்பாதீங்க"னு ஒரு மெசேஜ் போட்டுட்டா அவன் கையில இருந்த ஆயுதம் போச்சு. மனசு உடைஞ்சு தப்பான நினைப்பு வந்தா 14416க்கு கூப்பிடுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல உதவி, தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க.

கேள்வி: பாஸ்வேர்டு எப்படி வைக்கணும்?

பெருசா வைங்க, ஒரு இடத்துல வச்சதையே இன்னொரு இடத்துலயும் வைக்காதீங்க. சம்பந்தமில்லாத நாலு வார்த்தைய சேத்து வச்சாலே போதும். எல்லாத்துக்கும் மேல ஜிமெயில் பாஸ்வேர்டு, ஏன்னா மத்த எல்லா பாஸ்வேர்டையும் மாத்துறதுக்கான சாவி அங்கதான் வருது, அதுக்கு இரண்டடுக்கு சரிபார்ப்பு (பாஸ்வேர்டு போக இன்னொரு தடவையும் நீங்கதானானு கேக்குறது) போடுங்க. வாட்ஸப்ல செட்டிங்ஸ், அக்கவுண்ட்ல போனா டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்னு இருக்கும், ஆறு இலக்க பின் போட்டுட்டா வேற போன்ல உங்க நம்பர ஏத்துறது கஷ்டம். லிங்க்டு டிவைசஸ்ல தெரியாத கம்ப்யூட்டர் இருக்கானும் ஒரு பார்வை பாருங்க. வயசானவங்க நோட்டுல எழுதி பீரோவுக்குள்ள வச்சா தப்பில்ல, போன் கவருக்குள்ள சீட்டுல எழுதி வைக்காதீங்க, அத தினமும் பாக்குறேன்.

கேள்வி: ஆதார் நம்பர் வெளிய போனா பணம் போயிடுமா?

நம்பர் மட்டும் தெரிஞ்சா போயிடாது. ஆனா கைரேகை வச்சு பணம் எடுக்குற வசதி ஆதார்ல இருக்கு, பத்திரப் பதிவு ஆவணத்துல இருந்த கைரேகைய நகல் எடுத்து திருடுன கேஸெல்லாம் நடந்திருக்கு. எம்ஆதார் ஆப்ல பயோமெட்ரிக்க லாக் பண்ணிடுங்க, ரேஷன் கடைக்கோ பேங்குக்கோ தேவைப்படுறப்ப தொறந்துக்கலாம். கேக்குற இடத்துக்கு முதல் எட்டு நம்பர மறைச்ச மாஸ்க்டு ஆதார் குடுங்க. என் கடை உட்பட எந்த ஜெராக்ஸ் கடைக்கு ஃபைல் அனுப்புனாலும், பிரிண்ட் ஆனதும் உங்க கண்ணு முன்னாடியே அழிக்கச் சொல்லி நின்னு பாருங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

கேள்வி: திடீர்னு சிம்ல சிக்னலே இல்ல. டவர் பிரச்சனையா?

பக்கத்துல அதே கம்பெனி சிம் வச்சிருக்கறவங்களுக்கு சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லன்னா சும்மா இருக்காதீங்க, உங்க நம்பர்ல வேற சிம் எடுத்துட்டாங்களானு கம்பெனில உடனே கேளுங்க, ஓடிபி எல்லாம் அங்க போயிட்டு இருக்கலாம். மத்திய அரசோட சஞ்சார் சாத்தி வெப்சைட்ல உங்க பேருல எத்தன சிம் இருக்குனு பாக்கலாம், தெரியாத நம்பர் இருந்தா அங்கயே சொல்லலாம். போன் தொலைஞ்சா போலீஸ் புகார் காப்பிய வச்சு அதே இடத்துல போனையே முடக்கலாம், அதுக்கு ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் இருக்கற தனி அடையாள நம்பர்) வேணும், இப்பவே *#06# போட்டுப் பாத்து பில்லு மேல எழுதி வைங்க.

கேள்வி: அப்டேட் கேட்டுட்டே இருக்கு, டேட்டா வீணாப் போகுதே?

2017 மே மாசம் வான்னாக்ரைனு ஒரு வைரஸ் உலகம் பூரா கம்ப்யூட்டர்கள பூட்டிப் போட்டு பணம் கேட்டுச்சு, இங்கிலாந்துல ஆஸ்பத்திரி வேலையே நின்னு போச்சு. அந்த ஓட்டைய அடைக்கிற அப்டேட்ட மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்லயே விட்டிருந்துச்சு. ரெண்டு மாசம் போடாம விட்டவங்கதான் நெறைய பேரு மாட்டுனாங்க. வைஃபை கிடைக்குற இடத்துல போட்டுடுங்க.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு எப்படி சொல்லிப் புரிய வைக்க? சொன்னா கோவப்படுறாங்க.

பத்து விதி சொன்னா எதுவும் நிக்காது. நான் எங்க வீட்ல செஞ்சது மூணுதான். 1930னு ஸ்கெட்ச்ல பெருசா எழுதி நாள் காலண்டர் பக்கத்துல ஒட்டிட்டேன். மாமாவோட பென்ஷன் அக்கவுண்ட்ட யுபிஐல இருந்து எடுத்துட்டு, 5,000க்கு மேல இல்லாத இன்னொரு அக்கவுண்ட்ட சேத்துக் குடுத்தேன், எது போனாலும் அவ்ளோதான் போகும். அப்புறம் வீட்டுக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை, குழந்தைல அம்மாச்சி என்னைக் கூப்பிட்ட செல்லப் பேரு, என் குரல்லயே ஒருத்தர் ஆக்சிடென்ட்டு பணம் அனுப்புங்கனு அழுதாலும் அந்தப் பேர கேக்கணும்னு பேசி வச்சிருக்கோம், இப்பல்லாம் குரலையே செயற்கையா செய்ய முடியுதே.

மாமாவுக்கு இப்ப எந்த மெசேஜ் வந்தாலும் ஃபார்வர்டு பண்ணத் தெரியாது, வெயில்லயே போன தூக்கிட்டு கடைக்கு நடந்து வந்துடுவாரு. போன வாரம் வந்தது நிஜமான கேஸ் சிலிண்டர் மெசேஜ்தான், பாத்துச் சொன்னேன், மோர் குடிச்சுட்டு கிளம்புனாரு.